பாட்டில் கறுத்தால் மட்டும் போதுமா? வேற்றுக்கிரக உயிர்ச் செய்திகளும் தண்ணீர்ப் பரிசோதனையும்

2025இல் மட்டும் மூன்று தடவை "பூமிக்கு வெளியே உயிர்" என்ற செய்தி என் போனுக்கு வந்து சேர்ந்தது. ஏப்ரலில் கே2-18பி என்ற கோளின் பெயரில் வந்தது. ஜூலைக்கு அப்புறம் 3ஐ/அட்லஸ் என்ற வால்நட்சத்திரம், வேற்றுக்கிரக விண்கலம் என்ற பெயரில். செப்டம்பரில் செவ்வாய்க் கிரகத்துப் பாறை ஒன்று. மூன்றையும் அனுப்பியவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். ஆனால் மூன்றும் ஒரே தரத்துச் செய்திகள் அல்ல. ஒன்று வெறும் புரளி, ஒன்று அவசரப்பட்ட அறிவிப்பு, ஒன்று மட்டும் உண்மையிலேயே நெஞ்சு படபடக்க வைக்கும் விஷயம். இந்த வேறுபாடு தெரியாமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நான் தர்மபுரியில் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவன். ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்தால் அதில் உயிர் இருக்கிறதா, இருந்தால் எந்த மாதிரி உயிர் என்று சொல்வது என் தொழிலில் ஒரு பகுதி. செவ்வாயில் உயிர் தேடுகிறவர்களின் கேள்வியும் அடிப்படையில் இதுதான். அவர்களுடைய சாம்பிள் கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான்.

கிராமங்களில் மகளிர் குழுப் பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். அந்த கிட்டில் எச்2எஸ் பாட்டில் என்று ஒன்று இருக்கும். பாட்டிலுக்குள் கொஞ்சம் மருந்து. கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, ஒன்றிரண்டு நாள் வெளியிலேயே வைத்திருந்தால் போதும். குடலிலிருந்து வரும் சில வகை பாக்டீரியாக்கள் தண்ணீரில் இருந்தால், அவை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை, அதாவது அழுகிய முட்டை வாசனை அடிக்குமே அந்த வாயுவை, உண்டாக்கும். அது மருந்தில் உள்ள இரும்போடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடாகி, பாட்டில் கறுப்பாகிவிடும்.

பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு அக்கா போனில் கேட்டார்: "சார், பாட்டில் கறுத்துப்போச்சு. அப்ப நம்ம தண்ணில கிருமி இருக்குதுன்னு ஊர்ல சொல்லிடட்டுமா?"

நான் சொன்னது: "சந்தேகம்னு சொல்லுங்கக்கா. காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்க. சாம்பிளை எடுத்து லேபுக்கு அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன்."

ஏன் இந்தத் தயக்கம்? சில போர்வெல் தண்ணீரில் இயற்கையாகவே சல்ஃபைடு இருக்கும். மண்ணில் வாழும், குடலுக்குச் சம்பந்தமே இல்லாத பாக்டீரியாக்களும் அதே வாயுவை உண்டாக்கும். பாட்டில் கறுத்தது உண்மை, அதற்கான காரணம் இன்னும் தெரியவில்லை. லேபில் கோலிஃபார்ம் என்ற பாக்டீரியா வகைக்கான பரிசோதனை செய்து, அதில் குடலிலிருந்து வரும் ஈ. கோலை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ரிப்போர்ட்டில் எழுதுவோம்.

இப்போது செவ்வாய்ப் பாறைக்கு வருவோம். நாசாவின் பெர்சிவரன்ஸ் ரோவர், அதாவது செவ்வாயில் ஓடும் ஆய்வு வண்டி, 2021 பிப்ரவரியில் ஜெசிரோ பள்ளத்தில் இறங்கியது. ஒரு காலத்தில் ஆறு வந்து கலந்த ஏரி அது. 2024 ஜூலையில், அந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கில், செயாவா ஃபால்ஸ் என்று பெயரிட்ட ஒரு சேற்றுப்பாறையை ரோவர் பார்த்தது. சிறுத்தையின் தோல் போல அதில் புள்ளிகள். வெளிறிய நடு, சுற்றிலும் கறுத்த விளிம்பு. ஆய்வுக் கட்டுரை 2025 செப்டம்பரில் நேச்சர் இதழில் வந்தது. புள்ளிகளில் இருப்பவை விவியனைட், கிரைகைட் என்ற கனிமங்களாக இருக்கலாம் என்கிறது கட்டுரை. பாறையில் கார்பன் அடிப்படையிலான கரிமப் பொருளும் இருக்கிறது.

கிரைகைட் என்பது இரும்பு சல்ஃபைடு. அந்த அக்காவின் பாட்டிலில் படிந்த கறுப்பும் அதே குடும்பம்தான். நம் ஊர் ஏரி வற்றும்போது அடிச்சேற்றைக் கிளறினால் கறுப்பாக, நாற்றத்தோடு வருமே, அங்கும் இதே வேதியியல்தான் நடக்கிறது. காற்று புகாத சேற்றில் பாக்டீரியா சல்ஃபேட்டை வைத்து மூச்சு விடுகிறது, சல்ஃபைடு உண்டாகிறது, இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. செவ்வாயின் பழைய ஏரிச் சேற்றிலும் இதுவே நடந்திருக்குமோ என்ற கேள்வியை அந்தக் கட்டுரையில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உயிர் இல்லாமலும் சல்ஃபேட்டிலிருந்து சல்ஃபைடு வரலாம். ஆனால் அதற்குப் பொதுவாக நல்ல சூடு வேண்டும். இந்தப் பாறை அப்படிச் சூடானதற்குத் தடயம் கிடைக்கவில்லை. இவ்வளவு இருந்தும் விஞ்ஞானிகள் "உயிர் கண்டோம்" என்று எழுதவில்லை, "உயிர்த்தடயமாக இருக்க வாய்ப்புள்ளது" என்றுதான் எழுதினார்கள். தலைப்புச் செய்திகளில் அந்த "வாய்ப்பு" காணாமல் போய்விட்டது.

அவர்கள் இவ்வளவு நிதானமாக இருக்க ஒரு பழைய காரணம் உண்டு. 1976இல் வைக்கிங் கலங்கள் இரண்டு செவ்வாயில் இறங்கின. மண்ணை எடுத்து, கதிரியக்கக் கார்பன் கலந்த ஊட்டச்சத்து நீரை அதில் சொட்டு விட்டார்கள். உள்ளே கிருமி இருந்தால் சாப்பிட்டுவிட்டு, அந்தக் கார்பனை வாயுவாக வெளிவிடும். வாயு வந்தது! மண்ணை 160 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டுச் செய்து பார்த்தபோது வரவில்லை. உயிர் இருந்தால் எப்படி நடக்குமோ அப்படியே நடந்தது. ஆனால் அதே கலத்தில் இருந்த இன்னொரு கருவி, உயிருக்கு அடிப்படையான கரிமப் பொருள் மண்ணில் இல்லை என்றது. கிடைத்த கொஞ்சம் குளோரின் சேர்மங்களையும் கருவியைச் சுத்தம் செய்த திரவத்தின் மிச்சம் என்று ஒதுக்கினார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 2008இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பைக் கண்டுபிடித்தது. மண்ணைச் சூடாக்கினால் இந்த உப்பு கரிமப் பொருளை எரித்து, குளோரின் சேர்மங்களாக்கிவிடும். அப்படியானால் "கரிமப் பொருள் இல்லை" என்ற முடிவே ஆட்டம் காண்கிறது. "உயிர்" போலத் தோன்றிய அந்த வாயுவுக்கும் மண்ணின் வேதியியலே காரணமாக இருக்கலாம் என்ற விளக்கம் வலுவாக இருக்கிறது. முப்பது வருஷம் கழித்து வந்த ஒரு தகவல் இரண்டு பக்கத்தையும் மறுபடி யோசிக்க வைத்துவிட்டது.

எங்கள் கூடத்தில் ஒரு விதி உண்டு. சாம்பிள் பாட்டில்களோடு சுத்தமான, கிருமி நீக்கிய தண்ணீர் நிரப்பிய ஒரு பாட்டிலையும் எடுத்துப் போய், அதே இடத்தில் திறந்து மூடி, அதே பெட்டியில் கொண்டுவருவோம். பிளாங்க் என்போம். அதில் கிருமி வளர்ந்தால் அன்றைய சாம்பிள் எல்லாமே சந்தேகம்தான். ஏனென்றால் அந்தக் கிருமி நம் கையிலிருந்தோ பெட்டியிலிருந்தோ வந்திருக்கிறது. பெர்சிவரன்ஸிலும் இதே ஏற்பாடு இருக்கிறது என்று தெரிந்தபோது ரொம்பச் சந்தோஷப்பட்டேன். ரோவர் கொண்டுபோன 43 குழாய்களில் 5 குழாய்கள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. பூமியிலிருந்து ரோவரோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்ன என்பதைப் பிடித்துக்காட்டுவதுதான் அவற்றின் வேலை. உயிர் பற்றிய எந்தச் செய்தியைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது, "பிளாங்க் எங்கே?" என்ற கேள்விக்குப் பதிலைத்தான்.

கே2-18பி செய்தியில் சிக்கல் வேறு விதம். 124 ஒளியாண்டு தூரத்தில் உள்ள கோள் அது. யாரும் சாம்பிள் எடுக்கவில்லை. கோள் தன் நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கும்போது, அதன் காற்றுமண்டலத்தை ஊடுருவி வரும் ஒளியை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பிரித்துப் பார்த்தது. 2023இல் மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் இருப்பதாகச் சொன்னார்கள். 2025 ஏப்ரலில் டைமெத்தில் சல்ஃபைடு, அல்லது அதன் உறவுக்கார வாயு, இருப்பதற்கான அடையாளம் என்றார்கள். பூமியில் இதைக் கடல் நுண்ணுயிர்கள்தான் பெரும்பாலும் உண்டாக்குகின்றன. ஆனால் அந்த அடையாளத்தின் உறுதி மூன்று சிக்மா. தற்செயலாக அப்படித் தோன்ற ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளலாம். கண்டுபிடிப்பு என்று சொல்ல வழக்கமாகக் கேட்பது ஐந்து சிக்மா, பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. அதே தரவை வேறு குழுக்கள் அலசியபோது அடையாளம் பலவீனமாகத்தான் தெரிந்தது. போதாததற்கு, இதே வாயு 67பி என்ற வால்நட்சத்திரத்திலும் இருந்திருக்கிறது. அங்கே கடலும் இல்லை, நுண்ணுயிரும் இல்லை.

3ஐ/அட்லஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த மூன்றாவது விருந்தாளி, வால்நட்சத்திரம்தான். பூமிக்கு மிக அருகில் வந்ததே சுமார் 27 கோடி கிலோமீட்டர் தூரத்தில். விண்கலம் என்று சொன்ன வீடியோக்களை நம்பி ராத்திரி தூங்காத பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதனால்தான் புரளியைக்கூட லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு "அப்ப எங்கேயுமே உயிர் இல்லையா சார்?" என்று கேட்டால், அதுவும் அவசர முடிவுதான். நம் காலடிப் பாறையையே எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பகுதியில் கிடக்கும் நைஸ் (gneiss) என்ற கடினப் பாறைகள் பல, சுமார் 250 கோடி வருஷம் பழையவை. நம் ஜனங்களின் பல்லில் பழுப்புக் கறை போடும் ஃபுளோரைடு இந்த மாதிரிப் பாறையின் கனிமங்களிலிருந்துதான் கரைந்து வருகிறது. இந்தப் பாறை உருவான காலத்தில் பூமியின் காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் உயிர் அதற்கும் நூறு கோடி வருஷம் முன்பே இருந்ததற்கு ஆஸ்திரேலியப் பாறைகளில் சான்று இருக்கிறது. அன்றைக்கு வேறொரு கோளிலிருந்து யாராவது நம் காற்றில் ஆக்சிஜனைத் தேடியிருந்தால், "இல்லை" என்று ரிப்போர்ட் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். லேபில் நாங்கள் "காணப்படவில்லை" என்று எழுதுவோமே தவிர "இல்லவே இல்லை" என்று எழுதமாட்டோம். அந்த முறையில், அந்த அளவு சாம்பிளில், காணப்படவில்லை. அவ்வளவுக்குத்தான் எங்கள் கையெழுத்து.

இங்கே போர்வெல் ஆயிரம் அடியைத் தாண்டுகிறது. அவ்வளவு ஆழத்துப் பாறையிடுக்கில் என்ன வாழ முடியும் என்று பலரும் கேட்பார்கள். தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம் ஒன்றில் 2.8 கிலோமீட்டர் ஆழத்து நீரில் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்து, 2008இல் அதன் மரபணு விவரத்தை வெளியிட்டார்கள். வெயிலே படாத, ஆக்சிஜன் இல்லாத, 60 டிகிரிச் சூட்டு இடம் அது. பாறையிலுள்ள யுரேனியத்தின் கதிர்வீச்சு தண்ணீரைப் பிளக்கிறது. அதில் வரும் ஹைட்ரஜன்தான் அதற்குச் சாப்பாடு. மூச்சு விடுவது சல்ஃபேட்டை வைத்து. மறுபடியும் அதே அழுகிய முட்டை வேதியியல்! செவ்வாயின் மேற்பரப்பு இன்று குளிரும் கதிர்வீச்சும் சூழ்ந்த வறண்ட தரை. அடியாழத்தில் பாறை, வெப்பம், கொஞ்சம் நீர் இருந்தால் இந்த மாதிரி வாழ்க்கை அங்கேயும் முடியாதது இல்லை. அதனால்தான் உயிர்த் தேடலில் தரைக்கு அடியும் பனிக்கு அடியும் முக்கியமாகிவிட்டன. சனியின் துணைக்கோள் என்செலடஸின் பனி ஓட்டு விரிசல்களிலிருந்து நீர் பீச்சியடிப்பதை 2005இல் கசினி கலம் பார்த்தது. அந்தப் பனித்துகள்களில் உயிருக்குத் தேவையான பாஸ்பேட் இருப்பதை 2023இல் வெளியிட்டார்கள். வியாழனின் துணைக்கோள் யூரோப்பாவுக்கு 2024 அக்டோபரில் கிளம்பிய கலம் 2030இல் போய்ச் சேரும்.

இந்த விஷயத்தில் நம் பக்கத்து மலைக்கும் ஒரு பங்கு உண்டு. ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்தில், 1972இல் வியாழனின் துணைக்கோள் கனிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைப் பதிவு செய்தார்கள். மறைந்த விதத்தைப் பார்த்தபோது கனிமீடுக்குக் காற்றுமண்டலம் இருப்பதாகத் தெரிந்தது. 1979இல் வாயேஜர் பக்கத்தில் போய்ப் பார்த்தது. அந்த அளவுக்குக் காற்று அங்கே இல்லை. அப்புறம் 1990களில் ஹப்பிள் தொலைநோக்கி மிக மிக மெல்லிய ஆக்சிஜன் படலத்தைக் கண்டது. காவலூர்க்காரர்கள் செய்தது நேர்மையான, பெருமைப்பட வேண்டிய வேலை. ஒரு பதிவை அடுத்த பதிவு திருத்த, அதை அதற்கடுத்தது திருத்த, இப்படித்தான் விஷயம் தெளிந்தது. கனிமீடைச் சுற்றிவர இப்போது ஐரோப்பாவின் ஜூஸ் கலம் போய்க்கொண்டிருக்கிறது.

இந்தத் தெளிவுக்கு நாசா விஞ்ஞானிகள் 2021இல் ஏழு படி கொண்ட ஓர் அளவுகோலைப் பரிந்துரைத்தார்கள். முதல் படி, சந்தேகப்படும்படி ஒரு அடையாளம் கிடைப்பது. இரண்டாவது, அது நம்மிடமிருந்து ஒட்டிக்கொண்டு போனதல்ல என்று காட்டுவது, அதாவது பிளாங்க். அப்புறம், அந்தச் சூழலில் உயிரால் அதை உண்டாக்க முடியுமா, உயிரில்லாத வழிகள் எல்லாம் கழிந்தனவா, வேறு வகை ஆதாரம் தனியாகக் கிடைத்ததா என்று மேலே போகிறது. அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி வந்தால், ஃபார்வர்டு செய்வதற்கு முன் இது எத்தனையாவது படி என்று மட்டும் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பவர்கள் இதைப் பலகையில் எழுதிப் பிள்ளைகளோடு பேசினால் இன்னும் நல்லது.

செயாவா ஃபால்ஸ் பாறையின் சாம்பிள் சஃபையர் கேன்யன் என்ற பெயரோடு குழாயில் மூடப்பட்டு இன்னும் செவ்வாயில்தான் இருக்கிறது. சல்ஃபரில் எடை குறைந்த அணு, எடை கூடிய அணு என்று வகைகள் உண்டு. பூமியில் சல்ஃபேட்டை வைத்து மூச்சு விடும் பாக்டீரியா, எடை குறைந்ததைத்தான் அதிகம் எடுத்துக்கொள்ளும். அந்தக் கிரைகைட்டில் இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தால், உயிரா வெறும் வேதியியலா என்ற வழக்கு நிறையவே முன்னேறும். அதற்கான கருவி ரோவரில் இல்லை, பூமியில் இருக்கிறது. குழாய்களைக் கொண்டுவரும் திட்டத்தின் செலவு 1,100 கோடி டாலர் வரை போகலாம் என்று 2023இல் மதிப்பிட்டார்கள். அதிலிருந்து தடுமாறிய அந்தத் திட்டத்துக்கு, அந்த வடிவில், 2026இல் நிதி நின்றுபோனது. சீனா தன் தியான்வென்-3 கலத்தை 2028 வாக்கில் அனுப்பி, செவ்வாயின் வேறோர் இடத்திலிருந்து மண்ணும் பாறையும் கொண்டுவரத் திட்டமிட்டிருக்கிறது. யார் கொண்டுவந்தாலும் சரி, அந்தச் சிறுத்தைப் புள்ளிப் பாறையும் ஒருநாள் பூமியின் ஏதோ ஒரு கூடத்துக்கு, பிளாங்க் குழாய்களோடு சேர்ந்து, வந்தாக வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.