கோடு அறுகிற இடங்கள்: பெருஞ்சாலையோரம் நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் பாதை

பெருஞ்சாலை ஒன்றை மேம்படுத்தும் திட்டத்தின் வரைபடத்தைப் பார்த்தால், வாகனத் தடங்களை ஒட்டி நடைபாதை ஒரு நிறத்திலும் சைக்கிளோட்டப் பாதை இன்னொரு நிறத்திலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்துவிட்ட கோடுகளாகப் போகும். அந்தக் கோடுகளை வரைவதும், கட்டிய பின் அவற்றின்மேல் நடந்து குறைகளைக் குறித்து வைப்பதும் சாலை வடிவமைப்புப் பொறியாளராகிய என் அன்றாட வேலை. கோடு எத்தனை கிலோமீட்டர் நீளம் என்பதைவிட எந்த இடத்தில் அறுகிறது என்பதையே நான் முதலில் தேடுவேன். பேருந்து நிறுத்தம், இடப்பக்கம் திரும்பும் ஸ்லிப் ரோடு, பெட்ரோல் நிலையத்தின் வாசல், சாலைச் சந்திப்பு, நடைமேம்பாலத்தின் படிக்கட்டு ஆகிய இடங்களில்தான் பாதை குறுகும், வளையும், சில நேரம் சொல்லாமல் கொள்ளாமல் முடிந்தும் போகும். வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம்வரை அருமையான பாதை இருந்தும் நடுவில் இருபது மீட்டர் அச்சமூட்டினால், பள்ளிப் பிள்ளையை அந்த வழியே தனியாக அனுப்ப எந்தத் தாயும் துணிய மாட்டார்.

சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 12 விழுக்காடு சாலைகளுக்கே போய்விடுகிறது. வீடமைப்புக்கு 14 விழுக்காடு. இன்னும் அகலமாக்க இடமில்லாத ஊரில், பெருஞ்சாலையைப் புதுப்பிக்கும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் வரும். வடக்கு–தெற்குப் பெருவழித்தடம் அதற்கு நல்ல உதாரணம். முதலில் கார்களுக்கான விரைவுச்சாலையாகவே திட்டமிடப்பட்ட அது, 2016ல் பேருந்துகளுக்குத் தனித் தடமும் சைக்கிளோட்டிகளுக்கு நீண்ட பாதையும் கொண்ட ஒருங்கிணைந்த வழித்தடமாக மாற்றி அறிவிக்கப்பட்டது. உட்லண்ட்ஸ், செம்பவாங், ஈசூன், அங் மோ கியோ, பீஷான், தோ பாயோ வழியாக நகர மையம்வரை சுமார் 21.5 கிலோமீட்டர் செல்லும் இத்தடத்தின் வடபகுதி மேம்பாலமாகவும் தென்பகுதி சுரங்கமாகவும் அமைகிறது. மேம்பாலப் பகுதி 2027 முதலும் சுரங்கப் பகுதி 2029 முதலும் கட்டங்கட்டமாகத் திறக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. லிட்டில் இந்தியா வட்டாரத்துத் தேக்கா பக்கம் போய்வருவோருக்கு இதன் தடயம் கண்கூடு: பல வண்ணங்களில் நின்ற ரோச்சோர் சென்டர் அடுக்குமாடி வீடுகள் இத்திட்டத்துக்காகவே இடிக்கப்பட்டன.

நடப்போரைப் பொறுத்தவரை, என் பார்வையில், சுரங்கத்தின் பெரும் பயன் மேலே கிடைக்கும் இடம்தான். ஓடிக்கொண்டிருக்கும் கார்களில் ஒரு பகுதி நிலத்துக்கு அடியில் போய்விட்டால், மேலே உள்ள தெருவில் ஓரிரு தடங்களை நடப்போருக்கும் சைக்கிளுக்கும் திருப்பித் தரலாம். பென்கூலன் ஸ்திரீட்டில் 2017ல் இதைத்தான் செய்தார்கள். அங்கே டவுன்டவுன் எம்ஆர்டி ரயில் பாதைக்கான நிலையம் கட்டி முடிந்ததும், நான்கு வாகனத் தடங்களில் இரண்டை எடுத்து அகலமான நடைபாதையும் சைக்கிளோட்டப் பாதையும் போட்டார்கள். தோண்டிய குழியை மூடும்போது பழைய சாலையை அப்படியே திரும்பப் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இடம் கைநழுவிப் போயிருக்கும். காருக்கென்று ஒதுக்கிய இடத்தை எடுப்பதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு இல்லாத திட்டங்களில் சைக்கிளோட்டப் பாதைக்கான அகலம் புல்தரையிலிருந்தோ நடைபாதையிலிருந்தோ தான் பிய்த்து எடுக்கப்படும்.

பேருந்து நிறுத்தத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் வரும் புகார்களில் பாதிக்குமேல் அங்கேதான் பிறக்கின்றன. நம் ஊரில் சைக்கிளோட்டப் பாதையை வழக்கமாக நிறுத்தத்தின் பின்பக்கமாகச் சுற்றி எடுத்துச் செல்வோம். பயணிகள் பேருந்தில் ஏறி இறங்கும் இடத்தில் சைக்கிள் குறுக்கே போகக் கூடாது என்பதால் இது சரியான முறைதான். சிக்கல் என்னவென்றால், நிறுத்தத்தின் ஓரத்தில் விளம்பரப் பலகை ஒன்று ஆளுயரத்துக்கு நிற்கும். பேருந்திலிருந்து இறங்கித் தம் அடுக்குமாடி புளோக்கை நோக்கி நடப்பவர் அந்தப் பலகையின் மறைவிலிருந்து திடீரென்று பாதைக்குள் வருவார். சைக்கிளோட்டப் பாதையில் அனுமதிக்கப்பட்ட உச்சவேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். பலகைக்கும் பாதைக்கும் இடையே அரை மீட்டர்தான் இடைவெளி என்றால், இறங்கி வருபவர் கண்ணில் பட்டதும் பிரேக் பிடிக்கக்கூட சைக்கிளோட்டிக்கு அவகாசம் இருக்காது.

ஈசூனில் ஒரு நிறுத்தத்துக்குப் பின்னால் நான் அளவு நாடாவோடு நின்றுகொண்டிருந்தபோது, ஈரச்சந்தையிலிருந்து சக்கரப் பையை இழுத்துக்கொண்டு வந்த ஒரு பெரியம்மா, “ஏம்மா, பாதை நல்லாத்தான் போட்டிருக்கீங்க. ஆனா பஸ்ஸை விட்டு இறங்கினதும் ரெண்டு பக்கமும் திரும்பிப் பாத்துத்தான் வீட்டுக்குப் போக முடியுது. எனக்குக் கழுத்து திரும்பாதே, என்ன செய்ய?” என்று கேட்டார். வடிவமைப்பு நூல்களில் இந்தக் கேள்வி இல்லை, ஆனால் விடை கடினமானதும் இல்லை. பாதையைப் பலகையிலிருந்து குறைந்தது ஒரு மீட்டராவது தள்ளி எடுப்பது, நிறுத்தத்துக்கு இருபது மீட்டர் முன்பே மெல்ல வளைத்து வேகத்தைக் குறைக்க வைப்பது, மக்கள் குறுக்கே நடக்கும் இடத்தில் தளத்தின் நிறத்தையும் கரடுமுரடையும் மாற்றுவது, பலகையை எதிர்முனைக்கு மாற்ற முடியுமா என்று கேட்பது ஆகியவையே அந்த விடை. கடைசியாகச் சொன்னதுதான் கைகூடுவது அரிது. விளம்பரத்துக்கு ஒப்பந்தம் உண்டு, கழுத்து திரும்பாதவருக்கு ஒப்பந்தம் இல்லை.

ஸ்லிப் ரோடு வேறு வகையான சங்கடம். விளக்கில் நிற்காமல் இடப்பக்கம் திரும்பிப்போக ஓட்டுநருக்குத் தரும் சலுகை அது. திரும்பும் ஓட்டுநர் வலப்பக்கத்திலிருந்து கார் வருகிறதா என்றுதான் பார்ப்பார். இடப்பக்க ஓரத்திலிருந்து கால் வைப்பவர்மேல் அவர் கண் போவதில்லை. வளைவை இறுக்கி, திரும்பும் காரைக் கிட்டத்தட்ட நடைவேகத்துக்குக் கொண்டுவந்து, கடக்கும் இடத்தை நடைபாதையின் உயரத்துக்கே மேடாக்கிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். ஸ்லிப் ரோட்டையே எடுத்துவிட்டுச் சந்திப்பின் விளக்குக்குள் கொண்டுவந்தால் முழுவதும் தீரும். பெட்ரோல் நிலையம், கொண்டோமினிய வாசல் போன்ற இடங்களிலும் கணக்கு இதுவே. பாதை ஒரே மட்டத்தில் தொடர வேண்டும். ஏறி இறங்க வேண்டியது கார். பல இடங்களில் இது தலைகீழாகக் கட்டப்பட்டிருப்பதால், சக்கர நாற்காலியில் போகிறவர் ஒவ்வொரு வாசலிலும் இறங்கி ஏறுகிறார்.

நடைமேம்பாலங்களைப் பற்றி எனக்கும் சில சக ஊழியர்களுக்கும் ஓயாத வாக்குவாதம் உண்டு. கார்களிடமிருந்து மக்களை முற்றாகப் பிரித்துவிடுகிறது என்று அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் தரையிலிருந்து 6 மீட்டர் உயரம் ஏற, சக்கர நாற்காலிக்கு ஏற்ற 1:12 சரிவில் 72 மீட்டர் நீளம் தேவை. இடையில் இளைப்பாறும் சமதளங்களையும் சேர்த்தால் அதற்கும் மேல். மின்தூக்கி இருந்தால் நல்லது, அது பழுதாகாதவரை. சைக்கிளோட்டி இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். எதிர்ப்பக்கத்து நிறுத்தத்துக்குப் போக 25 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க வேண்டியவர், ஏறி இறங்கி இருநூறு மீட்டர் நடக்கிறார். எட்டு வழி விரைவுச்சாலைக்கு மேம்பாலம் தவிர வேறு வழியில்லை; நகரத்துக்குள் ஓடும் சாலையில் தரைமட்டக் கடப்பிடமும் விளக்குமே என் முதல் தேர்வு.

விளக்கு என்றால் அதற்கும் கணக்குப் பார்க்க வேண்டும். பொறியாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நடைவேகம் விநாடிக்கு 1.2 மீட்டர். ஆறு தடச் சாலை சுமார் 21 மீட்டர் என்றால், அந்த வேகத்தில் கடக்க 17 அல்லது 18 விநாடி ஆகும். கைத்தடியோடு விநாடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு 26 விநாடிக்கு மேல் வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் 2009ல் ‘கிரீன் மேன் பிளஸ்’ வந்தது. முதியோரும் உடற்குறையுள்ளோரும் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்தில் உள்ள கருவியில் தொட்டால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடிவரை பச்சை விளக்கு நீளும். வீட்டில் அட்டை வைத்திருந்தும் இதைப் பயன்படுத்தாத முதியோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை பக்கத்தில் நின்று தொட்டுக் காட்டினால் போதும், அடுத்த முறை அவர்களே தொடுவார்கள்.

நிழலும் வடிகாலும் சிறிய விஷயங்களாகத் தோன்றும். பாதையை அகலப்படுத்த ஒரு வரிசைத் தூங்குமூஞ்சி மரங்களை வெட்டினால், பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த அகலப் பாதையில் ஆள் இருக்காது. வடிகாலை மூடி அதன்மேல் பாதை போடும்போது, இரும்புக் கம்பித் தட்டின் இடுக்குகள் சைக்கிள் ஓடும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நீளவாக்கில் இருந்தால் மெல்லிய சக்கரம் அதில் மாட்டிக்கொள்ளும்.

பாதை எப்படி அமையும் என்பதைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். கட்டி முடிக்கும்வரை மக்கள் எங்கே நடப்பார்கள் என்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பெரிய சாலைத் திட்டம் ஆறு, எட்டு ஆண்டுகள் நீளும். முதல் வகுப்புப் பிள்ளை தொடக்கப்பள்ளியை முடிக்கும்வரை தற்காலிகப் பாதையிலேயே நடக்கும். அப்படிப்பட்டதைத் தற்காலிகம் என்று சொல்லி அலட்சியமாகக் கட்டுவது தகாது. தடுப்பு வேலிகளுக்கு நடுவே போகும் மாற்றுப்பாதையில் நான் பார்ப்பவை இவை: இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று தாண்டும் அகலம் இருக்கிறதா, திருப்பத்தில் வேலி கண்ணை மறைக்கிறதா, மறைத்தால் அங்கே கம்பிவலை வைத்திருக்கிறார்களா, குழியின்மேல் போட்ட இரும்புத் தகடு மழையில் வழுக்குகிறதா, அதன் விளிம்பு சாய்வாக்கப்பட்டிருக்கிறதா, இரவில் விளக்கு எரிகிறதா, பாதை மாறிய மறுநாள் அறிவிப்புப் பலகையும் மாறியதா. கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்ற விடையே அதிகம் கிடைக்கிறது.

அந்த வேலிக்குள் வேலை செய்பவர்களில் தமிழ்நாட்டுத் தம்பிகள் ஏராளம். அவர்களில் பலர் கிராஞ்சி, சுங்கை காடுட், துவாஸ் போன்ற பகுதிகளின் தங்கும் விடுதிகளில் இருந்துகொண்டு, கடைக்கும் நண்பர்களைப் பார்க்கவும் சைக்கிளில் போகிறவர்கள். தொழிற்பேட்டைச் சாலைகளில் கனரக லாரிகளோடு பாதையைப் பகிர்ந்துகொள்ளும் அவர்களே நல்ல பாதை எல்லாரையும்விட அதிகம் தேவைப்படுபவர்கள். ஆனால் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு அவர்கள் வருவதில்லை. அவர்களோடு பழகும் வாசகர்கள் சில விதிகளை எடுத்துச் சொல்லலாம். இருட்டில் ஓட்டும்போது சைக்கிளின் முன்பக்கம் வெள்ளை விளக்கும் பின்பக்கம் சிவப்பு விளக்கோ ஒளி திருப்பியோ இருக்க வேண்டும். சாலையில் ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம். விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு அனுமதியே கிடையாது.

எல்லாருக்கும் பொருந்தும் இன்னொரு விதியும் உண்டு. சைக்கிளோட்டப் பாதை அருகிலேயே இருக்கும் இடத்தில், நடப்போருக்கு மட்டும் என்று ஒதுக்கிய பாதையில் சைக்கிளோட்டுவது 2025 ஜூலை 1 முதல் குற்றம். தனிப்பாதை இல்லாத சாதாரண நடைபாதையில் சைக்கிளோட்டலாம், ஆனால் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மின்சைக்கிள் அங்கே வரவே கூடாது. விதியை நான் வரவேற்கிறேன், ஒரு நிபந்தனையோடு: சைக்கிளோட்டப் பாதை பேருந்து நிறுத்தத்துக்கு முன்னால் சட்டென்று முடிந்துபோனால், அதில் வந்தவர் நடைபாதைக்குத்தான் ஏறுவார். அந்த இடத்தில் அபராதச் சீட்டு எழுதுவதைவிடக் கோட்டை நீட்டுவதே முறை.

தீவு முழுதும் 2030க்குள் சுமார் 1,300 கிலோமீட்டர் சைக்கிளோட்டப் பாதை அமைக்க இலக்கு வைத்திருக்கிறார்கள். அதனால் இந்த வேலை உங்கள் புளோக்கின் எதிரிலும் நடக்கலாம். திட்டப் படங்களைக் காட்சிக்கு வைக்கும்போது அழகான மரங்களும் சிரிக்கும் குடும்பமும் வரைந்த படத்தைத் தாண்டி, மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த தளவரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் நிறுத்தத்தையும் பிள்ளையின் பள்ளிக்குப் போகும் சந்திப்பையும் விரலால் தொட்டுக்கொண்டே போய், விரல் எங்கே சாலைக்குள் இறங்குகிறதோ அங்கே நிறுத்தி, “இங்கே யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டும்?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு அதிகாரியோ என்னைப் போன்ற ஆலோசகரோ தடுமாறினால், அந்த இடம் இன்னும் சரியாக வரையப்படவில்லை என்று பொருள். வரைபட நிலையில் ஒரு வளைவை மாற்றுவது சில மணி நேர வேலை; கான்கிரீட் போட்ட பிறகு அது பல மாதப் பேச்சு.

கட்டுமானம் நடக்கும்போது குறை கண்டால் பணியிட வேலியில் உள்ள அறிவிப்புப் பலகையில் தொடர்பு எண் இருக்கும். நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கும் தெரிவிக்கலாம். “ஸ்டேஷன் பக்கத்தில் பாதை மோசம்” என்று எழுதினால் எங்களுக்கு இடமே பிடிபடாது. அருகிலுள்ள விளக்குக் கம்பத்தில் ஓர் எண் ஒட்டியிருக்கும், பேருந்து நிறுத்தத்துக்கு ஐந்து இலக்கக் குறியீடு உண்டு. அந்த எண்ணையும் நேரத்தையும் எழுதி, பாதையில் நடப்பவரின் கண்மட்டத்திலிருந்து எடுத்த ஒரு படத்தையும் சேர்த்து அனுப்பினால், மறுநாளே யாரையாவது அந்தக் கம்பத்தடிக்கு நேராக அனுப்ப முடியும்.