மெடிகெய்ட் சுற்றறிக்கை வந்தால் முதலில் எந்தத் தேதியைப் பார்ப்பது?

மெடிகெய்ட் அமெரிக்கா முழுவதற்குமான ஒரே திட்டம் என்று எண்ணிக்கொண்டு பில்லிங் வேலையில் இறங்கினால் முதல் மாதத்திலேயே தடுமாற்றம்தான். வருமானம் குறைந்த குடும்பங்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், முதியோர் ஆகியோருக்காக 1965-இல் வந்த அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இது. செலவை மத்திய அரசும் மாநில அரசும் பகிர்ந்துகொள்கின்றன. எல்லைக்கோட்டை மத்திய அரசு வகுக்கிறது. அதற்குள் திட்டத்தை நடத்துவது மாநிலம். கலிஃபோர்னியாவில் இதற்கு மெடி-கால் என்று பெயர், மாசசூசெட்ஸில் மாஸ்ஹெல்த், டென்னசியில் டென்கேர். கட்டணப் பட்டியல், முன் அனுமதி வேண்டிய சிகிச்சைகள், கிளெய்ம் (சிகிச்சைக்கான பணத்தைக் கேட்டு அனுப்பும் கோரிக்கை) அனுப்பக் கெடு எல்லாமே இடத்துக்கு இடம் மாறும். சென்னையிலும் கோவையிலும் இரவு ஷிப்டில் அமர்ந்து பல மாநிலங்களுக்குப் பில் போடுகிறவர்களுக்கும், அமெரிக்காவிலேயே கிளினிக் நடத்தும் தமிழ் மருத்துவர்களுக்கும் மாநில அரசின் சுற்றறிக்கைதான் அன்றாட வழிகாட்டி.

அந்தச் சுற்றறிக்கையில் வெளியான தேதி ஒன்று, அமலாகும் தேதி ஒன்று என இரண்டு இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. நோயாளிக்குச் சேவை அளித்த நாளில் எந்த விதி நடப்பில் இருந்ததோ அதன்படிதான் பணம் வரும். கிளெய்ம் அனுப்பிய நாளைப் பொறுத்தல்ல. மார்ச் 28-இல் ஊசி போட்டு ஏப்ரல் 5-இல் பில் அனுப்பினால், ஏப்ரல் 1-இல் மாறிய கட்டணம் அதற்குப் பொருந்தாது. சில நேரம் கட்டண உயர்வு பின்தேதியிட்டு வரும். பழைய கிளெய்ம்களை மாநிலமே மறுகணக்கிடுமா, நாம்தான் திருத்தி அனுப்ப வேண்டுமா என்பதைச் சுற்றறிக்கையின் கடைசிப் பத்தியில் தேடுங்கள். பலர் அங்குவரை படிப்பதே இல்லை, வர வேண்டிய பணம் அப்படியே நின்றுபோகிறது.

அடுத்தது கெடு. சேவை நாளிலிருந்து 12 மாதத்துக்கு மேல் எந்த மாநிலமும் அவகாசம் தரக் கூடாது என்பது மத்திய விதி. அதைவிடக் குறைக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு. டெக்சஸில் 95 நாள், நியூயார்க்கில் 90 நாள். ஒரு மாநிலத்தின் பழக்கத்தில் இன்னொரு மாநிலத்தின் கிளெய்மைக் கிடப்பில் போட்டால் ‘சி.ஓ. 29’ என்ற மறுப்பு வந்து நிற்கும். காலம் கடந்துவிட்டது, இந்தத் தொகையை நோயாளியிடமும் கேட்க முடியாது என்பது அதன் பொருள்.

ஊசி மருந்துகளுக்கு வரும் மறுப்புகளில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது என்பது என் உறுதியான கருத்து. கிளினிக்கில் வைத்துப் போடும் மருந்துக்குச் சிகிச்சைக் குறியீட்டோடு என்.டி.சி. எனப்படும் தேசிய மருந்து எண்ணும் கேட்கிறார்கள். அந்த எண் இருந்தால்தான் மருந்துக் கம்பெனியிடமிருந்து மாநிலம் தள்ளுபடித் தொகையைக் கோர முடியும். குப்பியின் லேபிளில் பொதுவாக 10 இலக்கம் இருக்கும். கிளெய்மில் 5-4-2 என்ற வரிசையில் 11 இலக்கம் வேண்டும். லேபிளில் 1234-5678-90 என்றிருந்தால் 01234-5678-90 என்று எழுத வேண்டும். 12345-678-90 என்றிருந்தால் பூஜ்யம் நடுவில் விழுந்து 12345-0678-90 ஆகும். 12345-6789-0 என்றால் கடைசிப் பகுதிக்கு முன்னால். எங்கே ஓர் இலக்கம் குறைகிறதோ அங்கேதான் பூஜ்யம். அட்டைப்பெட்டியின் எண்ணும் உள்ளிருக்கும் குப்பியின் எண்ணும் வேறாக இருப்பதுண்டு. எதைப் பதிவது என்பதை அந்தந்த மாநிலக் கையேட்டில் பாருங்கள்.

நோயாளிக்கு வேறு காப்பீடு இருந்தால் பில் முதலில் அங்கேதான் போக வேண்டும், மெடிகெய்ட் கடைசி. அது கொடுக்கும் தொகையை முழுக் கட்டணமாக ஏற்பதும் கட்டாயம். நோயாளி தன் பங்காகத் தர அனுமதித்த சிறு இணைக்கட்டணம் தவிர, மிச்சத்தைக் கேட்டு நோயாளிக்கு பில் அனுப்புவது மத்திய விதிக்கு விரோதம். வாடகைக்கே திண்டாடும் ஒரு தாயின் பெயரில் கடன் வசூல் கடிதம் போவதை எந்த மென்பொருள் கோளாறைச் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. அப்படி ஒன்று போயிருந்தால் அன்றே திரும்பப் பெறுங்கள்.

பயனாளிகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் மாநிலம் ஒப்பந்தம் செய்துள்ள காப்பீட்டு நிறுவனங்கள் வழியாகவே சேவை பெறுகிறார்கள். அந்த நிறுவனங்களுக்குத் தனித்தனி முன் அனுமதிப் பட்டியல் உண்டு. ஆகவே சுற்றறிக்கை மாநிலமே பணம் தரும் நேரடி மெடிகெய்டுக்கு மட்டுமா, அவற்றுக்கும் சேர்த்தா என்று பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். 2026 முதல் மத்திய விதி ஒன்று துணைக்கு வந்திருக்கிறது. மருந்துகள் நீங்கலான முன் அனுமதிக் கோரிக்கைகளுக்குச் சாதாரணமாக 7 நாளிலும், அவசரமென்றால் 72 மணி நேரத்திலும் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறிப்பான காரணம் தர வேண்டும். மொட்டையாக மறுப்பு வந்தால் இந்த விதியைச் சுட்டிக் கேளுங்கள்.

2027 ஜனவரி இன்னும் பெரிய மாற்றங்களோடு வருகிறது. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டப்படி, விரிவாக்கப் பிரிவில் (தகுதி வரம்பை விரித்தபோது சேர்ந்த குறைந்த வருமானத்தார்) உள்ள வயதுவந்தோரில் விலக்கு பெறாதவர்கள் மாதம் 80 மணி நேர வேலை, படிப்பு அல்லது சமூகச் சேவையைக் காட்ட வேண்டும். அப்பிரிவினரின் தகுதி 6 மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்கப்படும். விண்ணப்பத்துக்கு முந்தைய 3 மாதச் செலவு வரை கிடைத்துவந்த பாதுகாப்பு, இவர்களுக்கு 1 மாதமாகவும் மற்றவர்களுக்கு 2 மாதமாகவும் சுருங்குகிறது. போன மாதம் அட்டை செல்லுபடியானது என்பதை நம்பி இனி இருக்க முடியாது. ஒவ்வொரு வருகையின்போதும் தகுதியைச் சரிபார்த்து, அந்தப் பதிலைத் தேதியோடு சேமித்து வையுங்கள். காப்பீடே இல்லாமல் வருபவர் தகுதியுள்ளவராகத் தெரிந்தால், விண்ணப்பத்தை அதே மாதத்துக்குள் போடச் சொல்லிக் கூடவே உதவுங்கள்.