மானிட்டரிங்: கண்காணிப்பா, கவனிப்பா?

‘சோஷியல் மீடியா மானிட்டரிங்’ விற்க வருகிறவர்கள் இப்போது பேக்கரி, தையல் கடை, பல் மருத்துவமனை என்று எதையும் விட்டுவைப்பதில்லை. மாதம் இவ்வளவு என்று பேசி முடித்தால், உங்கள் கடையைப் பற்றி யார் எங்கே என்ன எழுதினாலும் அன்றைக்கே சொல்லிவிடுவோம் என்பார்கள். கூடவே தரும் தமிழ்த் துண்டறிக்கையில் இதற்குச் ‘சமூக ஊடகக் கண்காணிப்பு’ என்று பெயர் இருக்கும். அகராதியைப் புரட்டினால் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அதைப் படிக்கிற முதலாளிக்குச் சட்டென்று ஞாபகம் வருவது கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் கேமரா. யாரோ எதையோ செய்கிறார்கள், நாம் பிடிக்கப்போகிறோம் என்ற நினைப்போடுதான் அவர் வேலையைத் தொடங்குகிறார்.

பொருளை முதலில் பார்த்துவிடலாம். கடையின் பெயர், அங்கே விற்கும் சரக்கு, அதே தெருவில் இருக்கும் போட்டிக் கடை ஆகியவற்றைப் பற்றி மக்கள் பொதுவெளியில் எழுதுவதைத் தேடி எடுத்துப் படித்து, பதில் சொல்ல வேண்டியதற்குப் பதில் சொல்வதுதான் மானிட்டரிங். கூகுள் மேப்பில் விழும் ரிவ்யூ, ஃபேஸ்புக் கமெண்ட், இன்ஸ்டாகிராமில் கடையை டேக் செய்து போடும் படம், யூடியூப் சாப்பாட்டு வீடியோவுக்குக் கீழே நடக்கும் சண்டை எல்லாம் இதில் அடக்கம். அடுத்த படியாக ‘லிசனிங்’ என்று ஒன்று சொல்வார்கள். ‘பார்சல் சாம்பார் தண்ணியா இருக்கு’ என்று எழுதியவருக்குப் பதில் போடுவது மானிட்டரிங். மூன்று மாதத்துக் கமெண்டுகளை ஒன்றாக வைத்துப் படித்து, புகார் எல்லாம் பார்சலைப் பற்றித்தான், கடையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் ஒருவரும் குறை சொல்லவில்லை என்று கண்டுபிடிப்பது லிசனிங். விற்கிறவர்கள் இரண்டுக்கும் தனித்தனியாக பில் போடுவார்கள். சின்னக் கடையில் இரண்டையும் செய்வது ஒரே ஆள்தான், பெரும்பாலும் முதலாளியின் மகனோ மகளோ.

மானிட்டர் லத்தீன் வழி வந்த சொல். ‘மோனேரே’ என்றால் எச்சரித்தல், நினைவூட்டல், புத்தி சொல்லுதல். அதைச் செய்கிறவர் மானிட்டர். பார்ப்பது என்ற பொருள் வேரில் இல்லவே இல்லை. ரோமில் ஜூனோ மோனேட்டா என்ற தேவியின் கோயிலை ஒட்டி நாணயம் அடித்தார்கள். ஆங்கிலத்தில் காசுக்கு ‘மணி’ என்ற சொல் வந்தது அந்த மோனேட்டாவிலிருந்துதான். அவள் பெயருக்கே எச்சரிப்பவள் என்று பொருள் சொன்னவர்களில் ரோமானியப் பேச்சாளர் சிசரோவும் ஒருவர். உடும்புக்கு ஆங்கிலத்தில் மானிட்டர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும், முதலை வருவதை அது முன்கூட்டியே உணர்த்தும் என்ற பழைய நம்பிக்கையால்தான் என்பார்கள்.

ஆங்கிலத்துக்குள் 16-ஆம் நூற்றாண்டில் நுழைந்தபோது, வகுப்பில் மற்றப் பிள்ளைகளை மேய்க்கும் மூத்த மாணவனுக்கு இது பெயராயிற்று. இந்த இடத்தில் சென்னைக்கும் பங்கு உண்டு. 1789-இல் எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைச் சிறுவர்களுக்காகத் தொடங்கிய விடுதிப் பள்ளியை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். தெரிந்த பையன் தெரியாத பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி அவர் எழுதி அச்சிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. நம் திண்ணைப் பள்ளியில் அந்த மூத்த பையனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். ஆக, மானிட்டருக்கு அச்சு அசலான தமிழ் வேண்டுமென்றால் சட்டாம்பிள்ளைதான். யாழ்ப்பாணத்தில் ஆசிரியரையே சட்டம்பியார் என்று மரியாதையாகச் சொன்னார்கள். தமிழ்நாட்டிலோ ‘சட்டாம்பிள்ளைத்தனம்’ வசவாகிவிட்டது; கடைக்காரருக்கு அதை விற்க முடியாது.

வானொலி வந்த பிறகுதான் மானிட்டர் வினைச்சொல்லாகப் பரவியது. ஒலிபரப்பு ஒழுங்காகப் போகிறதா என்று ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்பது மானிட்டரிங். 1939-இல் போரையொட்டி பிபிசி ஒரு தனிப் பிரிவைத் தொடங்கி, பிற நாட்டு வானொலிகளை இரவும் பகலும் கேட்டு மொழிபெயர்த்து அரசுக்குத் தந்தது. அந்தப் பிரிவின் பெயரும் மானிட்டரிங்தான். மேசைமேல் இருக்கும் திரைக்கு இந்தப் பெயர் வந்தது பின்னால். அச்சுப் பக்கத்தில் இதே வேலையைச் செய்தவர்கள் பேப்பர் கட்டிங் எடுத்துக் கொடுத்த நிறுவனங்கள். பாரிஸில் 1879-இல் அப்படி ஒன்று ‘ஆர்கஸ்’ என்ற பெயரில் தொடங்கியது. ஆர்கஸ், கிரேக்கப் புராணத்தில் நூறு கண் உடையவன். (நம் இந்திரனுக்கு ஆயிரம்.)

இனி கண்காணி. இந்தச் சொல் நடந்து வந்த பாதை மானிட்டரைவிடச் சுவையானது. ‘கண்காணி இல்லென்று கள்ளம் பல செய்வார்’ என்று பாடுகிறார் திருமூலர். பார்க்க ஆள் இல்லை என்று நினைத்துத் திருட்டுத்தனம் செய்கிறார்களாம். கண்காணி இல்லாத இடமே இல்லை என்பது அடுத்த வரி. அங்கே கண்காணி சாட்சாத் சிவபெருமான். சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் ‘ஸ்ரீமாஹேஸ்வரக் கண்காணி செய்வார்’ என்று வருகிறவர்கள் மனிதர்கள். கோயில் காரியங்களை மேற்பார்வை பார்த்தவர்கள். பிறகு சொல் கப்பலேறியது. இலங்கையின் காபி, தேயிலைத் தோட்டங்களிலும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலும் அது கங்காணி ஆயிற்று. ஊருக்குப் போய் ஆள் சேர்த்து, முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டிப்போட்டு, தோட்டத்தில் வேலை வாங்கியவர் கங்காணி. அதிலும் பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி என்று படிநிலை. தொழிலாளி வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமென்றால் அவர் கடன் எவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ வேண்டும். அந்தக் கடனை ஏற்றுக்கொள்ளும் தோட்டத்துக்கே ஆள் போக முடியும். இலங்கையில் துண்டு முறையை 1921-இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். மலையகத்துப் பெரியவர்களிடம் கங்காணி என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

இன்றைக்கு நாம் அந்தச் சொல்லை எங்கெல்லாம் வைத்திருக்கிறோம்? காவல் கண்காணிப்பாளர், தேர்வறைக் கண்காணிப்பாளர், கண்காணிப்பு கேமரா. எல்லா இடத்திலும் மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவரைப் பார்க்கிறார். 2018-இல் ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சமூக ஊடகங்களில் மக்கள் எழுதுவதைத் திரட்டிப் பார்க்கும் ‘சோஷியல் மீடியா கம்யூனிகேஷன் ஹப்’ என்ற திட்டத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியபோது, இது நாட்டைக் கண்காணிப்பு அரசாக ஆக்கிவிடாதா என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அரசு திட்டத்தைத் திரும்பப் பெற்றது. அப்படிப்பட்ட செய்திக்குக் கண்காணிப்பு என்ற சொல் கச்சிதம். அதை மாற்றவே கூடாது. பேக்கரி வைத்திருப்பவரும் ஸ்விக்கி ரிவ்யூ எழுதுகிறவரும் அப்படி மேலும் கீழுமாக இருப்பவர்கள் இல்லையே.

வேறு சொற்களைப் பார்த்தால், வேவு, ஒற்று இரண்டும் பகைவரிடம் செய்வது. ஒற்றாடலுக்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு; ஆனால் அது அரசன் காரியம். ‘நோட்டம்’ பூட்டிய வீட்டைப் பார்க்கிறவனுக்குப் போய்விட்டது. இலங்கையில் அவதானம், அவதானித்தல் என்பவை நாள்தோறும் புழங்கும் நல்ல சொற்கள். அங்கே ‘சமூக ஊடக அவதானிப்பு’ தாராளமாக எடுபடும். தமிழ்நாட்டில் அவதானம் என்றதும், ஒரே நேரத்தில் எட்டு விஷயத்தில் கவனம் வைக்கும் அட்டாவதானிதான் நினைவுக்கு வருவார். எட்டு டேபைத் திறந்து வைத்துக்கொண்டு கமெண்டுக்குப் பதில் போடுகிற பெண்ணுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுக்கலாம் என்பது வேறு விஷயம்.

என் ஓட்டு கவனிப்புக்கு. காரணம், இது ஏற்கெனவே கடைக்குள் இருக்கிற சொல். ஜவுளிக் கடை வாசலில் கூட்டம் நெருக்கும்போது முதலாளி உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: “தம்பி, அந்த அம்மாவைக் கவனிப்பா, ரொம்ப நேரமா நிக்கிறாங்க.” அந்த ஒரு வினைக்குள் பார், கேள், வேண்டியதை எடுத்துக் கொடு என்று மூன்று வேலை அடங்கிவிடுகிறது. விருந்துக்குப் போய் வந்தவர் ‘நல்லா கவனிச்சாங்க’ என்றால் நிறைவு. ‘கண்டுக்கவே இல்லை’ என்றால் குறை. மானிட்டரிங்கிலும் பார்ப்பது பாதி, பதில் சொல்வது மீதி. கண்காணிப்பில் இரண்டாவது பாதிக்கு இடமே இல்லை. கன்னடத்தில் ‘கமனிசு’, தெலுங்கில் ‘கமனிஞ்சு’ என்று ஒத்த ஒலியில் ஏறக்குறைய இதே பொருளில் சொற்கள் இருப்பதால், ஓசூர்க் கடைக்காரருக்கும் திருத்தணிக் கடைக்காரருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. கவனிப்புக்கு வேறு அர்த்தங்களும் உண்டே என்பீர்கள். உண்டுதான். ஆபீஸில் கவனித்தால் ஃபைல் நகரும், ஸ்டேஷனில் கவனித்தால் உடம்பு வலிக்கும். அடுத்தடுத்த சொல்லைப் பார்த்துப் பொருள் கொள்ளத் தமிழருக்குத் தெரியும்.

அரசு ஆவணம், நீதிமன்றச் செய்தி என்றால் சமூக ஊடகக் கண்காணிப்பு. கடைக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில் என்றால் சமூக ஊடகக் கவனிப்பு. ‘சமூக வலைதளம்’ என்று எழுதுவதைவிட ஊடகம் மேல், ஏனென்றால் பாதி வேலை வலைதளத்தில் நடக்காமல் செயலியில் நடக்கிறது. ஆனால் இன்ஸ்டாகிராமைப் படவரி, ட்விட்டரைக் கீச்சகம், யூடியூபை வலையொளி என்று பெயர்களை மாற்றுகிற ஆசையை இந்தத் தொழிலிலாவது தள்ளிவைக்க வேண்டும். ஊரில் ஜனங்கள் எப்படித் தட்டுகிறார்களோ அப்படித் தேடினால்தான் அகப்படும்.

அந்தத் தேடலில்தான் தமிழ்க் கடைகளுக்குத் தலைவலி. ‘ஐயனார் பேக்கரி’ என்று ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2003-இலிருந்து இலவசமாகக் கிடைக்கும் கூகுள் அலர்ட்ஸில் அந்தப் பெயரைப் போட்டுவைத்து, ஒன்றுமே வரவில்லை என்று முதலாளி நிம்மதியாக இருக்கலாம். ஆனால் அது கூகுள் திரட்டும் பக்கங்களைத்தான் பார்க்கும். இன்ஸ்டாகிராம் கமெண்டுக்குள் போகாது. பெயரோ ஐயனார், அய்யனார் என்று இரண்டு விதமாக எழுதப்படும். ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் ‘ஒய்’ ஒன்று போடுவார்கள், இரண்டு போடுவார்கள். பெயரில் ழகரம் இருந்துவிட்டால் போச்சு. ‘இசட் எச்’ போடுகிறவர் ஒருவர், ‘எல்’ போடுகிறவர் பத்துப் பேர். வேற்றுமை உருபு சேர்ந்தால் சொல்லே உருமாறும்: பேக்கரில, பேக்கரிக்கு, பேக்கரிக்காரன். முழுச் சொல்லாகப் பொருத்திப் பார்க்கும் கருவிக்கு இவையெல்லாம் வேறு வேறு சொற்கள். இதையெல்லாம் தாண்டி, நம் ஆட்கள் கடைப் பெயரையே சொல்வதில்லை. ‘பஸ் ஸ்டாண்டு எதிர்ல புதுசா ஒரு பேக்கரி வந்திருக்கே, அங்க பப்ஸ் வாங்காதீங்க’ என்றுதான் எழுதுவார்கள். அதனால் தேடல் பட்டியலில் கடைப் பெயரோடு தெருப் பெயர், அடையாள இடம், பப்ஸ், ஊர்ப் பெயர் எல்லாம் சேர வேண்டும். இந்தப் பட்டியலைப் போடத் தெரிந்தவர் ஊர்க்காரர்தான். கருவி விற்கிறவருக்கு அது தெரியாது.

அடுத்து இவர்கள் விற்பது ‘சென்டிமென்ட் அனாலிசிஸ்’. இது தமிழ்நாட்டில் சிரிப்பை வரவழைக்கும். சென்டிமென்ட் என்றால் இங்கே ஒன்று அம்மா பாசம், இல்லையென்றால் சகுனம்: ‘அவர் செவ்வாய்க்கிழமை எதையும் தொடங்க மாட்டார், சென்டிமென்ட்.’ கணினித் துறையினர் ‘உணர்வுப் பகுப்பாய்வு’ என்று எழுதுகிறார்கள். ‘தொனி’ என்ற ஒரு சொல்லே போதும் என்பேன். எழுதியவர் மெச்சுகிறாரா, திட்டுகிறாரா, கிண்டல் பண்ணுகிறாரா என்பதுதானே கேள்வி. கருவிகள் சறுக்குகிற இடமும் அதுதான். ‘கொல மாஸ் பிரியாணி’ என்பதில் கொலையைப் பார்த்துச் சிவப்புக் குறி போட்டுவிடும். ‘ஒன்றரை மணி நேரத்துல சூடா ஐஸ்கிரீம் கொண்டுவந்தாங்க, வேற லெவல் சர்வீஸ், வாழ்க’ என்பதற்குப் பச்சைக் குறி போட்டு, நன்றி என்று தானாகவே பதிலும் அனுப்பிவிடும். அந்தப் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவார்கள் பாருங்கள், முதலில் போட்ட கமெண்டைவிட அதுதான் ஊரைச் சுற்றும். தொனி பார்க்கும் வேலையை மனிதரிடமே விட்டுவிடுவது நல்லது. சின்னக் கடைக்கு ஒரு நாளில் வருகிற கமெண்டுகளைப் படிக்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதும்.

கவனிக்க முடியாத இடமும் ஒன்று உண்டு. ஊரின் உண்மையான பேச்சு வாட்ஸ்அப் குரூப்களில் நடக்கிறது: தெருக்காரர் குரூப், அபார்ட்மென்ட் குரூப், பள்ளிக்கூட அம்மாக்கள் குரூப். 2016-இலிருந்து அங்கே அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர யாரும் படிக்க முடியாதபடி செய்திகள் பூட்டப்பட்டிருக்கின்றன. அந்தப் பேச்சையும் சேர்த்துத் தருகிறோம் என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவர் பொய் சொல்கிறார், அல்லது குரூப்புக்குள் ஆள் வைத்திருக்கிறார். இரண்டாவதற்கு வேவு என்ற சொல் நம்மிடம் தயாராக இருக்கிறது.