விப்ரியோ: சொல் விளக்கம்

ஒருவகை பாக்டீரியாக்களைக் குறிக்கும் ‘விப்ரியோ’ என்னும் சொல்லின் வேர் ‘விப்ராரே’ என்ற இலத்தீன் வினை. அதிர்தல், துடித்தல் என்பன அதன் பொருள். 18ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கு அறிஞர் முல்லர் உருவாக்கிய இப்பெயரை, 1854இல் ஃபுளோரன்சு நகரில் வாந்திபேதியால் (காலராவால்) இறந்தோரின் குடலை ஆராய்ந்த இத்தாலிய மருத்துவர் பச்சீனி, தாம் அங்கே கண்ட உயிரிக்குச் சூட்டினார். 1884இல் கல்கத்தாவில் ஆய்ந்த செருமானிய மருத்துவர் இராபர்ட் கோக் அதன் வளைவைக் காற்புள்ளியோடு ஒப்பிட்டார். ‘காற்புள்ளிக் கிருமி’ என்ற வழக்கு அந்த ஒப்புமையின் வழி வந்தது.

விப்ரியோவைக் ‘காலராக் கிருமி’ என்று தமிழாக்குவது பிழை. அது ஒரு பேரினத்தின் பெயர். காலரா விப்ரியோ அதில் ஓர் இனம் மட்டுமே. 1950இல் ஒசாகாவில் பாதி உலர்த்திய மத்திக் குஞ்சுகளை உண்டவர்களிடம் சப்பானிய ஆய்வாளர் ஃபுஜினோ கண்டறிந்த விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கசு மற்றோர் இனம். முன்னது பெரும்பாலும் மாசுற்ற குடிநீரால் பரவி, அரிசி கழுநீர் போன்ற கழிச்சலைத் தரும். பின்னது சரியாக வேகாத கடலுணவால் வந்து, வயிற்றுவலியோடு கூடிய பேதியைத் தரும்.

ஆய்வகத்தில் இவ்விரண்டையும் பிரித்தறியும் முறை அழகானது. பித்த உப்பும் கரும்புச் சர்க்கரையும் நிறங்காட்டியும் சேர்ந்த பச்சை நிற வளர்ப்புத் தட்டில் இரண்டையும் இட்டு ஓரிரவு வைத்தால், சர்க்கரையைப் புளிக்க வைத்து அமிலமாக்கும் காலரா விப்ரியோ மஞ்சள் திட்டுகளாகவும், அது இயலாத மற்றது பச்சைத் திட்டுகளாகவும் வளர்ந்திருக்கும். உப்பே இல்லாத ஊடகத்திலும் முன்னது வளரும், பின்னது வளராது. நன்னீரில் வாழும் ஏரோமோனாசு என்ற வேறொரு பாக்டீரியாவும் சில வேளை மஞ்சளாக வளர்ந்து குழப்பும். அப்போது கண்ணாடிச் சில்லில் டியாக்சிகோலேட்டு என்ற பித்த உப்பின் கரைசலில் குழைத்துக் கம்பி வளையத்தால் தூக்கினால், காலரா விப்ரியோ கோழையாகி நூல்போல் இழுபடும், ஏரோமோனாசு இழுபடாது.

இனத்தை அறிந்த பின்னும் வகையை அறிய வேண்டும். 1992இல் சென்னையில் பரவிய காலராவில், வழக்கமான ஓ1 வகையைத் திரளச் செய்து அடையாளங்காட்டும் எதிர்ச்சீரத்துக்கு (எதிர்ப்பொருள் கொண்ட குருதிநீருக்கு) திரளாத புதுவகை வெளிப்பட்டு, ஓ139 என்று எண் பெற்றது.

வடிவைச் சொல்லும் ‘காற்புள்ளிக் கிருமி’யை விட, துடித்து நீந்தும் இயல்பைச் சொல்லும் ‘துடிப்புயிரி’யே மூலச்சொல்லுக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. பேரினத்துக்கு அச்சொல்லை ஆளலாம். மருத்துவ அறிக்கையில் மட்டும் இனப்பெயரை ஒலிபெயர்ப்பாகவே எழுத வேண்டும்.