ரிப்பீட்டர் வருடமும் ஊர்சுற்றும் வருடமும்

போன ஏப்ரலில் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு ரப்பர் விவசாயி தன் மகளுடன் நாகர்கோவிலில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். மேசைமேல் வழவழப்பான பிரசுரம் ஒன்றை வைத்தார். பள்ளி முடித்துக் கல்லூரியில் சேரும் முன் ஒரு வருடம் வெளிநாடு போய்வரும் 'கேப் இயர்' திட்டம் அது. எட்டு மாதம், மூன்று நாடுகள், உலகக் கல்வி, சமூக மாற்றம் என்று பெரிய எழுத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடியும் என்ற அளவில், தொகை: ஒன்பது லட்சம் ரூபாய்.

"பிளஸ் டூ முடித்த பிள்ளை ஒரு வருடத்தைப் பாழாக்குவதற்கு ஒன்பது லட்சமா சார்?"

மகள் வாய் திறக்கவில்லை. பிரசுரத்தின் முனையை மடிப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தாள். நான் அவருடைய மூத்த மகனைப் பற்றி விசாரித்தேன். நீட் தேர்வுக்காக இரண்டு வருடம் விடுதியில் தங்கிக் கோச்சிங் போனவன். "அது வேறு சார்" என்றார்.

வேறுதான். ஆனால் பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே ஒரு வருடம் நிற்பது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. அதற்கு ரிப்பீட்டர் பேட்ச் என்று பெயர் வைத்து, கட்டணம் கட்டி, பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறோம். 1892 டிசம்பரில் கன்னியாகுமரிக்கு வந்து சேர்ந்த விவேகானந்தர் அதற்கு முன் சில வருடங்கள் நாடு முழுக்க அலைந்தவர் என்று படகுத்துறையில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சொந்தப் பிள்ளை ஊர்சுற்றக் கேட்டால் ஜோசியரிடம் ஓடுகிறோம்.

ஆகவே, இந்த வருடமே வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. யாரிடம் கொடுக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

இந்த ஏற்பாடு வளர்ந்தது மேலை நாடுகளில். ஹார்வர்டு பல்கலைக்கழகமே, சேர்க்கை கிடைத்தவர்கள் ஒரு வருடம் தள்ளி வருவதை ஊக்குவிக்கிறது. அமெரிக்காவின் குளோபல் சிட்டிசன் இயர் என்ற அமைப்பு, பள்ளி முடித்தவர்களை செனகல், எக்வடார், பிரேசில் போன்ற நாடுகளில் உள்ளூர்க் குடும்பங்களோடு மாதக்கணக்கில் தங்கவைத்தது. மொழி கற்று, பள்ளியிலோ மருத்துவ நிலையத்திலோ கூடமாட வேலை செய்ய வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஊர் திரும்பும்போது கல்லூரி இடம் காத்திருக்கும். நம் கலந்தாய்வில் கிடைத்த இடத்தில் சேராவிட்டால் அது போனதுதான். பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயின் எழுத, பிளஸ் டூ முடித்த வருடத்தையும் சேர்த்து மூன்று வருடங்களே வாய்ப்பு. ஐ.ஐ.டி.க்கான அட்வான்ஸ்டு தேர்வுக்கு அடுத்தடுத்த இரண்டே வருடங்கள். நீட்டுக்கு வயது உச்சவரம்பு இல்லை. பிரசுரத்தில் இதெல்லாம் இருக்காது. சில கல்லூரிகள் இடைவெளிக்குக் காரணம் கேட்டு நோட்டரி கையெழுத்துடன் உறுதிமொழிப் பத்திரம் வாங்கும். அது சிறிய விஷயம்.

விசா அப்படியல்ல. சுற்றுலா விசாவில் போய்த் தொண்டு செய்யலாம் என்று ஏஜெண்டு சொன்னால் அந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தைப் பாருங்கள். பிரிட்டனில் வருகையாளர் விசாவில், பதிவு பெற்ற அறநிறுவனத்துக்கு 30 நாட்கள் வரைதான் தொண்டு செய்ய முடியும். தாய்லாந்தில் சம்பளமில்லாத தொண்டுக்கும் பணி அனுமதி கேட்பார்கள். தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. 2022 செப்டம்பரில் வெளியுறவுத் துறை எச்சரிக்கை விட்டது. 'பயிற்சி', 'பயணத் திட்டம்' என்ற பெயர்களிலும் தூண்டில் போட முடியும்.

இனி 'சமூக மாற்றம்'. பிரசுரத்தின் அட்டையில் வெளிநாட்டு இளைஞர் ஒருவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு குழந்தை சிரித்தது. கம்போடியாவில் அநாதை இல்லங்களில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தது ஆய்வுகளில் தெரியவந்தது. இல்லங்கள் பெருகியதற்கு ஒரு காரணம், நன்கொடையோடு வரும் பயணிகள். குழந்தைகளோடு இரண்டு வாரம் தங்கலாம் என்று எந்தத் திட்டம் அழைத்தாலும் அந்தப் பக்கத்தோடு மூடி வையுங்கள்.

இதை நான் படித்து மட்டும் அறிந்துகொள்ளவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை ஊர் ஒன்றில் மொழிபெயர்க்கப் போயிருந்தேன். அங்கிருந்த பால்வாடிச் சுவருக்கு ஒரே வருடத்தில் மூன்று குழுக்கள் வண்ணம் அடித்தன. முதலில் மீன்கள், அதன்மேல் பட்டாம்பூச்சிகள், அதற்கும் மேல் உலகப்படம். கூரை மட்டும் கடைசிவரை ஒழுகிக்கொண்டே இருந்தது. மீன்கூடையை இறக்கிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி என்னிடம், "இவர்களுக்கு வீட்டில் வேலை ஒன்றும் இல்லையா மக்களே?" என்று கேட்டார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

வெளியூர்க்காரர் வந்தாலே வீண் என்பதும் சரியல்ல. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச் பல வருடங்கள் இங்கேயே இருந்து தேனீ வளர்ப்பையும் கோழி வளர்ப்பையும் பரப்பினார். மார்த்தாண்டம் தேனுக்கு இன்று இருக்கும் பெயரில் அந்த மையத்துக்கும் பங்குண்டு.

அந்தப் பெண்ணிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்து, நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னேன். உங்களை அந்த ஊருக்கு வரச் சொன்னது யார்? நான் போன பிறகு என் வேலையை யார் செய்வார்கள்? நான் கட்டும் பணத்தில் அந்த ஊருக்குப் போவது எவ்வளவு? நாலாம் நாள் பதில் வந்தது. பத்து நாட்களுக்குள் முன்பணம் கட்டினால் கட்டணத்தில் 15 சதவீதம் தள்ளுபடி.

செலவில்லாத வழிகள் பெரும்பாலும் பட்டம் முடித்த பிறகுதான் திறக்கின்றன. எஸ்.பி.ஐ. யூத் ஃபார் இந்தியா 13 மாதம். கிராமத்தில் தொண்டு நிறுவனத்தோடு வேலை, உதவித்தொகையும் உண்டு. பள்ளியில் பாடம் நடத்தும் டீச் ஃபார் இந்தியா இரண்டு வருடம். ஜாக்ரிதி யாத்திரை 15 நாட்களில் ஏறக்குறைய 8,000 கி.மீ. ரயில் பயணம், அதற்குக் கட்டணம் உண்டு, சலுகைக்கும் விண்ணப்பிக்கலாம். பதினெட்டு வயதில் அவசரப்பட வேண்டியதில்லை என்பது என் கட்சி. சும்மா பார்த்துவர ஆசை என்றால் கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, 4,000 கி.மீ.க்கு மேல்.

அந்தப் பெண் அந்த மே மாதம் போனது தூத்தூருக்கு. மலையோரத்தில் வளர்ந்தவள், அதுவரை மீன் ஏலத்தைப் பார்த்ததில்லை. அம்மாவின் தோழி வீட்டில் மூன்று வாரம் தங்கி, மீன் விற்கும் பெண்கள் வாங்கும் கடனுக்கு என்ன வட்டி, யாரிடம் வாங்குகிறார்கள் என்று ஒரு நோட்டு நிறைய எழுதிவந்தாள். ஜூனில் பொருளாதாரம் சேர்ந்தாள்.

போன மாதம் அப்பாவை மார்த்தாண்டம் சந்தையில் பார்த்தேன். "இப்போதெல்லாம் மீன் வாங்க அவளைத்தான் அனுப்புகிறேன் சார்" என்றார். "என்னை ஏமாற்றிவிடுகிறார்கள்."