மிட்–சைட்: சொல் விளக்கம்

ஸ்டீரியோ மிக்சிங்கில், அதாவது பதிவான ஒலிகளை இரு ஸ்பீக்கருக்குக் கலக்கும் வேலையில், இடது, வலது தடங்களைத் தனித்தனியே திருத்துவது லெஃப்ட்–ரைட், அதாவது இட–வல முறை. அதே தடங்களைக் கூட்டிப் பாதியாக்கினால் மிட். இடதிலிருந்து வலதைக் கழித்துப் பாதியாக்கினால் சைட். மிட்டையும் சைடையும் மீண்டும் கூட்டினால் இடது கிடைக்கும். மிட்டிலிருந்து சைடைக் கழித்தால் வலது.

பெயர் ஒலிப்பதிவு அறையிலிருந்து வந்தது. முன்னோக்கி நிற்கும் மைக் மிட். அதற்குக் குறுக்கே இருபக்கமும் கேட்கும் எட்டு வடிவ மைக் சைட். இந்தக் கூட்டல்–கழித்தல் உத்தி, ஆலன் பிளம்லைன் 1931இல் பிரிட்டனில் விண்ணப்பித்த ஸ்டீரியோ காப்புரிமையிலேயே உண்டு.

தமிழில் நடு–பக்கம் எனலாம். ஆனால் கூட்டுத் தடம், வேறுபாட்டுத் தடம் என்பதே பொருளுக்கு நெருக்கம். ‘சைடில் பக்கத்து ஒலி மட்டும்தான் இருக்கும்’ என்று நம்பித்தான் பலரும் மிக்ஸைக் கெடுத்துக்கொள்கிறார்கள். முழுக்க இடதில் வைத்த கிதார் மிட்டிலும் சைடிலும் சம அளவில் இருக்கும்: இடது 1, வலது 0 என்றால் 0.5, 0.5. சைடில் மட்டும் 10 கிலோஹெர்ட்ஸை 3 டெசிபெல் ஏற்றுங்கள், சைட் 0.706 ஆகும். இப்போது இடது 1.206, வலது −0.206. காலியாக இருந்த வலது ஸ்பீக்கரில் கிதாரின் மேல் அலைவெண்கள் தலைகீழ் ஃபேஸில் (அலையின் ஏற்ற இறக்கம் புரண்டு), இடதைவிடச் சுமார் 15 டெசிபெல் தாழ்ந்து கேட்கும். அந்தக் கிதாரைத் திருத்த இட–வல முறையில் இடது தடத்தைத் தொடுவதே சரி.

உரத்த ஒலியை அழுத்தும் கம்ப்ரஸரிலும் கவனம் தேவை. மிட்டை மட்டும் அழுத்தினால் குரலும் கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) வரும்போதெல்லாம் மிட் தாழ்ந்து, ஒலிப்பரப்பு விரிந்து சுருங்கும். இட–வலத்தை இணைக்காமல் தனித்தனியே அழுத்தினாலோ, நடுவில் நிற்க வேண்டிய குரல் பக்கவாட்டில் ஆடும்.

மிட்–சைட் உண்மையில் கைகொடுக்கும் இடம் பாஸ், அதாவது தாழ்ந்த அலைவெண் ஒலிகள். சைடில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் அடித்தொனி நடுவில் நிலைத்து நிற்கும். சாதாரண ஃபில்டர் சைடின் ஃபேஸை மட்டும் நகர்த்துவதால், வெட்டும் இடத்தை ஒட்டி இட–வலச் சமநிலை கலையும். எல்லா அலைவெண்களையும் ஒரே அளவு தாமதிக்கும் லீனியர் ஃபேஸ் ஃபில்டரில் அது நேராது. ஆனால் கிக்கின் அடிக்கு முன்பே மெல்லிய முன்னதிர்வு கேட்கக்கூடும். சரிவை ஆக்டேவுக்கு (அலைவெண் இரட்டிக்கும் இடைவெளிக்கு) 12 டெசிபெல் அளவில் மென்மையாக வைத்தால் இரண்டு சிக்கலுமே குறையும். சைடை ஏற்றிய ஒவ்வொரு முறையும் மோனோவில் (இடதையும் வலதையும் ஒன்றாகக் கூட்டி) கேளுங்கள்: அங்கே சைட் முழுதாக மறைந்துவிடும், அகன்ற ரிவெர்பில் (அறை முழக்கத்தில்) பெரும்பகுதியும் அதோடு போய்விடும்.