விலகல் கடிதம் வரும்வரை காத்திருக்காதீர்கள்

நான் கல்லூரியில் மாணவர் ஆலோசகர். படிப்பை நிறுத்தப்போகிறேன் என்று வருபவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "வீட்டுச் சூழ்நிலை சரியில்லை." பொய்யில்லை. ஆனால் உட்காரவைத்துப் பேசினால் கதை வேறு இடத்தில் தொடங்கும். முதல் மாதம் ஒரு காய்ச்சல், நான்கு நாள் வகுப்பு போயிருக்கும். திரும்பி வந்தால் கணக்கு புரியாது. நோட்டு கேட்கிற அளவுக்குப் பழகிய ஆள் யாரும் இல்லை. புரியாமல் உட்காரக் கூச்சம், அதனால் இன்னும் இரண்டு நாள் லீவு. செமஸ்டர் முடிவில் மூன்று அரியர். அப்புறம்தான் வீட்டில் "இவ்வளவு செலவு பண்ணி இது தேவையா?" என்ற பேச்சே எழுகிறது.

வின்சென்ட் டின்டோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1975-லேயே இதை விளக்கினார். பாடத்தோடும் சக மாணவர், ஆசிரியரோடும் ஒட்டுதல் ஏற்பட்டவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். ஒட்டாதவர்கள் மெல்ல நழுவுகிறார்கள். மதிப்பெண் மட்டுமே இதைத் தீர்மானிப்பதில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளையும் ஒருநாள் கிளம்பிவிடும்.

சில நிர்வாகங்கள் ஊக்கமூட்டும் சொற்பொழிவு ஏற்பாடு செய்கின்றன. அரங்கம் நிறைந்துவிடும். நிறுத்தப்போகிற மாணவர் அன்றைக்கும் லீவில்தான் இருப்பார்!

பணம் எவ்வளவு என்பதைவிட எப்போது கிடைக்கிறது என்பதுதான் முக்கியம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011 முதல் ஒரு காரியம் செய்கிறது. சிறு கட்டணப் பாக்கியால் பதிவு ரத்தாகும் நிலையில் இருப்பவர்களை அதுவே கண்டுபிடித்து, அவர்கள் விண்ணப்பிக்காமலே அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைக்கிறது. கேட்கக் கூச்சப்படுபவர்களுக்கு விண்ணப்பப் படிவமே ஒரு சுவர்தான்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் கட்டண இடைவெளி, போக்குவரத்து, பாடநூல் ஆகியவற்றுக்கான உதவியோடு, குறைந்த எண்ணிக்கை மாணவர்களை மட்டும் கவனிக்கும் ஆலோசகரும் உண்டு. குலுக்கல் முறையில் பிரித்து நடந்த ஆய்வில், 3 ஆண்டுக்குள் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் சுமார் 40 சதவீதம், வெளியே சுமார் 22 சதவீதம். ஒரு ஆலோசகர் தலையில் நூற்றுக்கணக்கான பெயர்களைக் கட்டிவிட்டு இதே பலனை எதிர்பார்க்க முடியாது.

இவ்வளவு செலவு செய்ய முடியாத கல்லூரியும் முதல் ஆறு வாரம் வருகைப் பதிவை வாராவாரம் பார்க்கலாம். தொடர்ந்து மூன்று நாள் வராதவருக்கு அன்றே ஒரு போன். "ஏன் வரலை?" என்று ஆரம்பித்தால் அழைப்பு அங்கேயே முடிந்துவிடும். "உடம்பு எப்படி இருக்கு? இந்த வாரம் நடந்த பாடத்துக்கு நோட்டு யாரிடம் வாங்கப் போறீங்க?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதே வகுப்பில் ஒருவரிடம் சொல்லி நோட்டு அனுப்பச் செய்யுங்கள்.